குப்புராஜின் காலுக்கு எண் வழங்கிய வரலாறு

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல. நோய் எண் புத்தகம். காலராவுக்கு அதில் எண் உண்டு. மாடு முட்டினால் எண் உண்டு. மரத்திலிருந்து விழுந்தால் அதற்கும் உண்டு. எண் இல்லாத நோயை எங்கள் ஆஸ்பத்திரி நோயாகவே மதிப்பதில்லை. கும்மிடிப்பூண்டிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே இருந்த அந்த அரசு ஆஸ்பத்திரியில் 'நோய் எண் பிரிவு' என்றால் துளசிராமனாகிய அடியேன்தான். பிரிவு முழுவதும் நான் ஒருவனே.

எழுபத்திரண்டாம் வருஷம், பெரியபாளையத்து அம்மனுக்கு வேப்பிலை கட்டப் போகிறவர்களால் ரோடு நிறைந்த ஆடி மாதத்தில், குப்புராஜ் வந்து சேர்ந்தார். பழவேற்காட்டு மீனவர். பட்டாளத்தில் சேர்ந்து, முந்தின வருஷச் சண்டையில் கண்ணிவெடியை மிதித்து, வலது பாதத்தை எல்லையிலேயே விட்டுவிட்டு வந்தவர். பட்டாள ஆஸ்பத்திரி மீதிக் காலை ஒழுங்காகத்தான் தைத்து அனுப்பியிருந்தது. உள்ளே தங்கிப்போன ஓர் இரும்புத் துண்டு மட்டும் இப்போது சீழ் வைத்துவிட்டது.

டாக்டர் செண்பகம் அழுத்திப் பார்த்தார். "இதை உடனே எடுத்துடணும். முழங்கால் தப்பிச்சா கட்டைக்கால் மாட்டிக்கிட்டுப் படகு ஏறலாம். அதுவும் போச்சுன்னா கஷ்டம்."

"முட்டி இருந்தா போதும்மா. மீதிய நான் பாத்துக்கறேன்," என்றார் குப்புராஜ்.

ஆனால் எண் இல்லாமல் கத்தியைத் தொடுவது காட்டுமிராண்டித்தனம் அல்லவா! புத்தகத்தைத் திறந்தேன். 'போர்க் காயங்கள்' என்று ஓர் அத்தியாயமே இருந்தது. என் கை துணியவில்லை. அதில் போட்டால் மேலிடம் கேட்கும்: "உமது தாலுகாவில் போர் எப்போது மூண்டது? எங்களுக்கு ஏன் தெரிவிக்கவில்லை?" நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? நிதானமாக யோசித்தேன். ஆள் மீனவர். காயம் வெடிக் காயம். ஏரியில் வெடிமருந்துத் தோட்டா வீசித் திருட்டுத்தனமாக மீன் அடிக்கும்போது கை கால் போனால், அதற்கென்றே ஓர் எண் இருந்தது. போட்டேன். கல்யாணத்துக்குக்கூட அப்படிப் பொருத்தம் அமையாது.

குப்புராஜ் பதறிவிட்டார். "இன்னா சார் இது பேஜாரு? நான் மிதிச்சது ராஜஸ்தான்ல. எங்க பாத்தாலும் மணலு. மீனு இன்னா மீனு, குடிக்கவே தண்ணி கெடையாது!"

"தண்ணி இல்லாத எடத்துல மீன் புடிச்சதுக்குத் தனி நம்பர் இல்லப்பா," என்று கனிவுடன் விளக்கினேன்.

அந்த எண்ணுக்கு ஒரு மகிமை உண்டு. போட்டவுடன் போலீஸுக்குத் தகவல் போய்விடும். ஏட்டு அப்பாவு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மீதித் தோட்டாவ எங்கடா ஒளிச்சு வெச்சுக்கீறே?"

"எதிரி கைல கீது சார். போய் வாங்கிக்கோ."

'கூட்டாளியின் பெயர்: எதிரி. ஊர்: விசாரணையில்' என்று ஏட்டு எழுதிக்கொண்டார். பிறகு காலைச் சுட்டிக்காட்டி, "உள்ளே இருக்கிற இரும்பு கேஸ் சாமான். கோர்ட்டு சொல்லாம யாரும் எடுக்கக் கூடாது," என்று உத்தரவிட்டுப் போனார். கேஸ் சாமான் உள்ள உடம்புக்கு ஆபரேஷன் அறையைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் விதி. சாவி என் இடுப்பில் இருந்தது.

"துளசிராமன், சீழ் மேல ஏறிக்கிட்டிருக்கு. அது கோர்ட்டுக்குக் காத்திருக்குமா?" என்று டாக்டர் கத்தினார்.

"சீழுக்குப் படிப்பு இல்லீங்க டாக்டர். நமக்கு இருக்கே!"

இருந்தாலும் நான் கல்நெஞ்சன் அல்லன். எண்ணைத் திருத்த அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். போர் நடந்ததற்குத் தாசில்தார் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. எங்கள் தாசில்தார் பொய் சொல்லாதவர். 'இத்தாலுகாவில் போர் எதுவும் நடைபெறவில்லை. சோழவரத்தில் கார் பந்தயம் மட்டுமே நடைபெற்றது' என்று சான்று கொடுத்துவிட்டார்.

சுதந்திர தினம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் விழா. 'எல்லை காத்த வீரர்' குப்புராஜை நாற்காலியோடு தூக்கி வந்து மாலை போட்டோம். ஏட்டு விறைப்பாக சல்யூட் அடித்தார். அடித்த கையாலேயே சம்மனையும் நீட்டினார். கடமையில் அவரைக் குறை சொல்ல முடியாது.

குப்புராஜின் மனைவி அஞ்சம்மாள் மாலையைப் பிடுங்கி என் மேல் வீசினாள். "மாலை போடறப்ப பட்டாளத்தான், மருந்து போடறப்ப திருடனா? ஒடம்பு அனலா கொதிக்குதுய்யா! இன்னா மனுசன்யா நீ? சாவியக் குடு!"

இப்படிப்பட்ட ஆவேசத்துக்கு என்ன எண் என்று நான் புரட்டிக்கொண்டிருந்தபோது, டாக்டர் செண்பகம் குப்புராஜின் ஊன்றுகோலை எடுத்துப் போய் ஆபரேஷன் அறைப் பூட்டை உடைத்துவிட்டார். அரசாங்கப் பூட்டு! ஆனால் சீழ் முந்திக்கொண்டிருந்தது. உயிரைத்தான் காப்பாற்ற முடிந்தது. முழங்காலுக்கு மேலே வெட்ட வேண்டியதாயிற்று. கேஸ் சாமானும் சீழோடு குப்பைக்குப் போனதால் கேஸ் தள்ளுபடியாகி, ஃபைல் சுபமாக முடிந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று குப்புராஜ் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் கோபப்படவில்லை.

"பாதம் போனதுக்கு நம்பர் போட்டியே சார். முட்டி போச்சே, இதுக்கு இன்னா நம்பரு?"

நியாயமான கேள்வி. அட்டையிலிருந்து அட்டை வரை தேடினேன். தோட்டா இருந்தது, பட்டாசு இருந்தது, மாடு இருந்தது, மரம் இருந்தது.

"கெடைக்கலியா சார்?"

எங்கிருந்து கிடைக்கும்? பாதத்தை எடுத்த எதிரிக்கு அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்கள். முழங்காலை எடுத்த எங்களுக்கு ஒரு வரிகூட இல்லை.