முதல் டீச்சரின் நெற்றியில் ஒரு பொட்டு

சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தால் சில பேர் கும்பிடுவார்கள், சில பேர் விலை கேட்பார்கள். எனக்குப் பொட்டு வைக்கக் கை நீளும். இது ஒரு வியாதி என்று அப்போது தெரியாது.

2005 வாக்கில், அமெரிக்காவில், டெக்சஸின் பிளானோவுக்கு வடக்கே ஒரு குட்டி ஊரில் இருந்தோம். பருத்தி வயல்களை அழித்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகள் யாழினிக்கு ஆறு வயது. "சாப்பிட்டியாடி?" என்றால் "ஐ'ம் ஃபுல்" என்பாள். இதை இப்படியே விடுவதில்லை என்று தமிழ்ப் பள்ளி ஆரம்பிக்கக் கிளம்பினேன். (மாணவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டே வந்தவர்கள்.)

இடம்தான் சிக்கவில்லை. நூலகத்தில் சத்தம் கூடாது என்றார்கள். அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் எப்போது கேட்டாலும் யாருக்காவது பர்த்டே. கடைசியில் டோரதி ஆன்ட்டியைப் பிடித்தேன். ஊரின் முதல் பள்ளிக்கூடமான ஒற்றை அறை மரக் கட்டடத்தை மியூசியமாக்கிக் காத்துவந்தவர் அவர்.

சாவியோடு வரலாறும் கொடுத்தார். இந்தக் கட்டடம் வருவதற்கு முன், முதல் வகுப்பு யாரோ ஒருவரின் சோளக் கிடங்கில் நடந்ததாம். முதல் டீச்சர் குதிரையில் வயல் வயலாகப் போய், பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை, அப்பாக்களோடு சண்டை போட்டு இழுத்து வருவாராம். எனக்குப் புல்லரித்தது. அங்கே பருத்தி, இங்கே சாக்கர் பிராக்டிஸ். மற்றபடி அதே சண்டையைத்தானே நானும் போட்டுக்கொண்டிருந்தேன்!

ஒரே நிபந்தனை, உள்ளே எதற்கும் சேதம் வரக் கூடாது. வந்தால் சாவி திரும்பிப் போய்விடும்.

விஜயதசமியை ஒட்டிய சனிக்கிழமை திறப்பு விழா. தட்டில் அரிசி பரப்பி, சந்தனம் குழைத்து எல்லாம் தயார். சரஸ்வதி படத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். படமில்லாமல் எப்படி ஆரம்பிப்பது? சுவரில் மாட்டிய படத்தில் முதல் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். பெஞ்சு மேல் ஏறினேன்.

"ஏய், மியூசியம்டி இது!" என்றார் என் கணவர் பாஸ்கர்.

"கண்ணாடி மேலதானே வைக்கிறேன்? தொடச்சா போயிடும்."

சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, எல்லாக் குழந்தைகளையும் அரிசியில் 'அ' எழுத வைத்தேன். பிறகு துடைக்கப் போனபோதுதான் தெரிந்தது, அந்தப் படத்துக்குக் கண்ணாடியே கிடையாது. துணியில் வரைந்த ஓவியம். பாஸ்கர் வெட் வைப்ஸ் எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தார். மிளகு அளவு இருந்த பொட்டு ரூபாய் அளவாகி, பிறகு ஊத்தப்பம் அளவானது.

"அம்மா! ஷீ'ஸ் ப்ளீடிங்!" என்று யாழினி அலறினாள்.

அந்த நேரம் பார்த்து, குக்கீஸ் தட்டோடு டோரதி ஆன்ட்டி உள்ளே வந்தார். ஓவியத்தைப் பார்த்தார். அதை வரைந்ததே அவர்தானாம்.

நான் பெஞ்சை விட்டு இறங்கவில்லை. எங்கள் ஊரில் படிப்பை ஆரம்பிக்கும் முன் குருவுக்கு இப்படித்தான் மரியாதை செய்வோம், இங்கே இவர்தானே முதல் குரு, என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், சாவியை மட்டும் கேட்காதீர்கள் என்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் கொட்டினேன்.

டோரதி ஆன்ட்டி குக்கீஸ் தட்டைக் கீழே வைத்தார். "அந்தக் காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் இந்த டீச்சர் மேல் நாயை ஏவிவிட்டிருக்கிறார்கள்," என்றார். "யாரும் இப்படி மரியாதை செய்ததில்லை." சிவப்பை அவரே ஓரமெல்லாம் சரிசெய்து வட்டப் பொட்டாக்கிவிடுவதாகச் சொன்னார். ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு நான்தான் விளக்க வேண்டும்.

அதனால், நான்கு வருடம் சனிக்கிழமைதோறும் வகுப்பு முடிந்ததும், முதல் டீச்சர் வேஷத்தில், நீளப் பாவாடையும் அந்தக் காலத்துத் துணித் தொப்பியுமாக நின்று டெக்சஸ்காரர்களுக்கு டெக்சஸ் வரலாறு சொன்னேன். (அந்தப் போட்டோவை பாஸ்கர் இன்னும் அழிக்கவில்லை.) ஃபீல்ட் ட்ரிப் வரும் பிள்ளைகள் முதல் டீச்சரை இன்றைக்கும் பொட்டோடுதான் வரைகிறார்கள்.

யாழினி இப்போது வேலைக்குப் போகிறாள். யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும், வாசலிலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி சுத்தத் தமிழில் சொல்கிறாள்:

"அம்மா, மொதல்ல கண்ணாடி இருக்கான்னு பாரு!"