மைல் காக்கும் கேப்டன்

அந்த வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் மில்வாக்கியை ஒட்டிய வெஸ்ட் ஆலிஸில், பந்து உருட்டி ஆடும் பௌலிங் கூடத்தில் வாராவாரம் போடும் மீன் வறுவல் தீர்ந்துபோனது. மாலை ஆறு மணிக்கே தீர்ந்துபோனது. கூடம் கட்டிய நாளிலிருந்து நடக்காத சங்கதி. மேஜை கிடைக்காதவர்கள் நின்றபடியே கோஸ் சாலட் தின்றார்கள். கார் நிறுத்த இடமில்லாமல் எதிரே இருந்த சர்ச் வளாகத்தில் நிறுத்தினார்கள். ஈஸ்டருக்குக்கூட இத்தனை கார்களைப் பார்த்திராத பாதிரியார் வாசலுக்கு வந்து ஒரு கணம் சந்தோஷப்பட்டார். எல்லோரும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூட்டம் மீனுக்காக வரவில்லை. கேப்டன் லைல் ஹேவர்ட்டி வந்திருந்தார்.

கேப்டன் என்றால் எந்த விமானத்தை ஓட்டினார்? யாரும் கேட்கவில்லை. தோளில் நாலு தங்கக் கோடு இருந்தது. ஓட்டாதவர் தோளில் கோடு எப்படி வரும்? தையல்காரர் தைத்தால் வரும். அவ்வளவு தூரம் யோசிக்க அன்று ஒருவருக்கும் நேரமில்லை.

விஷயம் இதுதான். மில்வாக்கியின் செல்ல விமான நிறுவனம் குட்லேண்ட். அதில் ஏறினால் சுடச்சுட பிரெட்ஸல் என்ற முறுக்கு ரொட்டி தருவார்கள், கடுகு விழுதோடு. அந்த பிரெட்ஸலுக்காகவே தேவையில்லாத ஊர்களுக்கெல்லாம் போய்வந்தவர்கள் உண்டு. அந்த குட்லேண்டை ட்ரைகோஸ்ட் என்ற பெரிய நிறுவனம் விழுங்கிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டும் ஒன்றாகின்றன. குட்லேண்ட் பெயர் போட்ட கிரெடிட் கார்டு ஊரில் பாதிப்பேர் பர்ஸில் இருந்தது. பெட்ரோல் போட்டாலும் சரி, பல் பிடுங்கினாலும் சரி, அந்தக் கார்டைத் தேய்த்தால் டாலருக்கு ஒரு மைல் கணக்கில் ஏறும். மைல் சேர்ந்தால் டிக்கெட். அதுபோக வருடத்துக்கு ஒரு துணை டிக்கெட்: ஒருவருக்கு எடுத்தால் கூட வருபவருக்குச் சும்மா. கம்பெனி கைமாறினால் இதெல்லாம் என்ன ஆகும்? ஊருக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் போன ஊரைத் தேடிக்கொண்டு கேப்டன்கள் வருவார்கள்.

என்ன ஆகும் என்பதை ட்ரைகோஸ்ட் தன் இணையப் பக்கத்திலேயே போட்டிருந்தது. பழைய ஒரு மைலுக்குப் புதிய ஒரு மைல். கார்டு மாறும். பெட்டிக்குக் கட்டணம் இல்லை என்பது தொடரும். துணை டிக்கெட் கிடையாது. கையில் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஞாயிறு முதல் டிக்கெட்டுகளுக்குப் புது விலை. எழுத்தும் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் படிக்கக் காசு கேட்கவில்லை. இலவசமாகச் சொன்ன சங்கதியை யார் நம்புவார்கள்?

ரோலி பியென்ட்கா நம்பவில்லை.

ரோலி குழாய்க் கம்பெனியில் விற்பனை பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் நாலு லட்சம் மைல் வைத்திருந்தார். எங்கும் போகவில்லை. போனால் குறைந்துவிடுமே! தினமும் காலையில் காபியோடு போனைத் திறந்து அந்த எண்ணைப் பார்ப்பார். பார்த்துவிட்டு மூடுவார். அன்றைய பயணம் முடிந்தது.

அவர் மனைவி ஆர்டிஸுக்கு ஹவாயில், ஹிலோவில், ஒரு தங்கை. பெயர் மேவிஸ். நேரில் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"நாளைக்கு ராத்திரியோட முடியுது ரோலி. டிக்கெட்டப் போடு" என்றார் ஆர்டிஸ், அன்று காலை சமையலறையில்.

"அவசரப்படாத. கார்டுல கவசம் ஒட்டியாச்சு. துணை டிக்கெட் இனி எங்கயும் போவாது. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் மைலுக்கு மதிப்பு மூணு மடங்கு ஏறும்னு கேப்டன் சொல்லியிருக்காரு."

"போன வருஷமும் ஏறும்னு சொன்ன."

"ஏறுச்சே!"

"டிக்கெட் வெலதான் ஏறுச்சு. இப்ப போட்டா உன் டிக்கெட்டுக்கு ஒன்ற லட்சம் மைல், எனக்குச் சும்மா. ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஆளுக்கு மூணு லட்சம். உங்கிட்ட இருக்கறது நாலு. அப்புறம் ஒருத்தர்தான் போலாம். இன்னொருத்தர் இங்க உக்காந்து பனி வாரலாம்."

"அது கவசம் இல்லாதவங்களுக்கு."

ஆர்டிஸ் மேஜைக் கூடையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்தார். கடிக்கவில்லை.

"மேவிஸுக்குக் கண்ணு மங்கிட்டே வருது. நேத்து போன்ல சொன்னா, டிவில ஆளுங்க மூஞ்சியே தெரியலயாம். இன்னும் கொஞ்ச நாள் போனா நான் எதுத்தாப்ல நின்னாலும் கொரல வச்சுத்தான் கண்டுபிடிப்பா. என் மூஞ்சிய அவ ஒருவாட்டி பாக்கணும் ரோலி."

ரோலி காபியைக் கிண்டினார். ஏற்கெனவே கிண்டியிருந்த காபி.

"இத்தன வருஷம் பொறுத்தாச்சு. ரெண்டு நாள்தான?"

கணக்கு ரோலியின் பெயரில். கடவுச்சொல் ரோலியின் தலைக்குள். அந்தத் தலையில் வேறு அதிகம் இல்லாததால் அது பத்திரமாக இருந்தது.

கவசம் என்பது தங்க நிறத்தில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு ஸ்டிக்கர். இடுப்பில் கட்டினால் தாயத்து. கார்டில் ஒட்டினால் ஸ்டிக்கர். விலை நூற்றெண்பத்தொன்பது டாலர்; ரோலி போன வாரமே கேப்டனின் வேறொரு கூட்டத்தில் வாங்கியிருந்தார். ஒட்டுவதற்கும் முறை இருந்தது. கார்டின் பின்பக்கம், தலைக்கு மேல் விமானம் போகும் சத்தம் கேட்கும்போது ஒட்ட வேண்டும். ரோலி அதற்காக வியாழக்கிழமை கொல்லைப்புறப் பனியில் மூக்கு சிவக்கக் காத்து நின்றார். ஒட்டிய பிறகு அதைப் பார்க்கக் கூடாது. பார்வை பட்டால் சக்தி இறங்கும். மைலைத் தொடவும் கூடாது. தொட்டால் கவசத்தில் கீறல் விழும். இது மட்டும் நியாயமான விதி. மைலைச் செலவழித்துக் கடற்கரையில் போய்ப் படுத்துவிட்டவன் அடுத்த கூட்டத்துக்கு ஸ்டிக்கர் வாங்க வருவானா?

மாலையில் கிளம்பும்போது ஆர்டிஸே பர்ஸைத் தேடி எடுத்து நீட்டினார். "கார்டு உள்ள இருக்கு. மறந்துடாத. நானும் வரேன்."

"நீயா?"

"மீன் திங்க."

ரோலி நெகிழ்ந்துபோனார். கடைசியில் இவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

கூடத்தின் பின்னறையில் ஒரு சின்ன மேடை, அதில் நீலத் துணி போர்த்திய மேஜை. அதன் மேல் விமான நிலைய ஓய்வறை வாசலில் இருக்குமே, கார்டை வைத்தால் விளக்கு எரியும் மெஷின், அந்த மாதிரி ஒன்று. கீழே சின்னதாக ஒரு சிவப்புக் கம்பளம். கம்பளத்தின் மேல் கேப்டன்.

"நண்பர்களே! ட்ரைகோஸ்ட் கம்ப்யூட்டருக்குக் கண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை விடியறப்ப அது ஒவ்வொரு கார்டையும் பாக்கும். கவசம் இல்லாத கார்டு அதுக்கு அம்மணமாத் தெரியும். இந்த மெஷினுக்கும் அதே கண்ணுதான். குட்லேண்ட்ல இருந்த ஒரு நல்ல மனுசன் எனக்கு ரகசியமாக் குடுத்தாரு. பேரு சொல்ல மாட்டேன்."

பெயர் சொல்லாததால் கூட்டத்துக்கு நம்பிக்கை இரட்டிப்பாயிற்று.

ஒரு வெறும் கார்டை வைத்தார். சிவப்பு விளக்கு. ஆட்டுக்குத் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம். அதே கார்டில் கவசம் ஒட்டி வைத்தார். பச்சை! கூடவே குட்லேண்ட் விமானத்தில் கதவு மூடும்போது கேட்கும் அதே மணி: டிங்... டாங்.

சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி பிரெட்ஸல் வாசனைகூட வருகிறது என்றார். வந்தது உண்மைதான். பக்கத்து பாரில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"கேப்டன், கவசம் ஒட்டினப்புறம் பெட்ரோல் பங்க்ல தேய்க்கலாமா?" என்று ஒருவர் கேட்டார்.

"மூணு நாளைக்கு பங்க் பக்கமே போவாதீங்க."

"அப்ப வீட்டுக்கு எப்படிப் போறது?"

கேப்டன் பரிவோடு சிரித்தார். கேட்டவர் வெட்கப்பட்டு உட்கார்ந்தார்.

"போன வாரம் கவசம் வாங்குனவங்க யாராச்சும் மேல வாங்க!"

ரோலியின் கை தானாக உயர்ந்தது. மேலே போனார். பர்ஸிலிருந்து கார்டை உருவி, பின்பக்கத்தைப் பார்க்காமல் கவனமாக மெஷினில் வைத்தார். கேப்டன் பிறர் கார்டைத் தொடமாட்டார். அவ்வளவு நேர்மை.

"முறைப்படி ஒட்டினீங்களா நண்பரே?"

"விமானம் போறப்ப ஒட்டினேன் கேப்டன்."

பச்சை. டிங்... டாங். கைதட்டல். ரோலிக்குக் காது சூடாயிற்று. குழாய் விற்ற காலத்தில் யாரும் அவருக்குக் கைதட்டியதில்லை.

"என் கார்டையும் பாருங்களேன் கேப்டன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஆர்டிஸ். "நான் அவரு பொண்டாட்டி. எங்க வீட்ல ஒரு கவசந்தான் வாங்கினோம்."

கேப்டனின் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு வாய்ப்பு தினமும் கிடைக்குமா? "வாங்க, வாங்க! வைங்க!"

ஆர்டிஸ் வைத்தார். சிவப்பு. ஆடு கத்தியது.

"பாத்தீங்களா! ஒரே வீடு, ஒரே கட்டில். இவருக்குப் பச்ச, இவங்களுக்குச் செவப்பு! இன்னும் என்ன சாட்சி வேணும்?"

கூட்டம் ஆர்டிஸுக்காக உச்சுக்கொட்டியது.

"ரெண்டு கார்டையும் இப்பத் திருப்பிக் காட்டலாமா?" என்றார் ஆர்டிஸ். "ரோலி, நீ மொதல்ல காட்டு."

"பாக்கக் கூடாது ஆர்டிஸ்."

"நீ கண்ண மூடிக்க. அவங்க பாக்கட்டும்."

ரோலி கண்ணை மூடிக்கொண்டு கார்டைத் திருப்பிப் பிடித்தார். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். ரோலி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். தங்கக் கவசம் இல்லை. அந்த இடத்தில் முட்டை வடிவில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ஹனிகிரிஸ்ப் ஆப்பிள் என்று எழுதியிருந்தது.

ஆர்டிஸ் தன் கார்டைத் திருப்பினார். கவசம் அதில் பளபளத்தது.

"ஆப்பிளுக்குப் பச்ச. ஒங்க கவசத்துக்குச் செவப்பு" என்றார் ஆர்டிஸ்.

கேப்டனுக்கு இது புதிதல்ல. ஒரு மூச்சுதான் எடுத்தார். "சக்தி ஏற்கெனவே உங்க வீட்டுக்காரர் கார்டுக்குள்ள எறங்கிடுச்சு. ஸ்டிக்கரப் பிச்சாலும் அது போவாது."

"அப்ப என்னோடது? இதுலதான் இப்ப கவசம் இருக்கே?"

"புருஷன் கவசம் பொண்டாட்டிக்கு வேலை செய்யாது."

சில ஆண்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது ஏதோ சரியாகப் பட்டது.

"போவட்டும்" என்றார் ஆர்டிஸ். "வந்ததுலேர்ந்து பாக்கறேன். ஒவ்வொரு தடவ வெளக்கு எரியறப்பவும் ஒங்க தோளு ஒரு பக்கமா எறங்குது. பச்சைக்கு வலது, செவப்புக்கு இடது. அவசரமா பாத்ரூம் போவணுமோன்னு நெனச்சேன். அந்தக் கம்பளத்த விட்டு ஒரு எட்டு தள்ளி நில்லுங்க. ரோலி கார்ட வைக்கட்டும்."

"மேடையில கேப்டனோட எடம் இது."

ரோலி மனைவியைப் பார்த்தார். கேப்டனைப் பார்த்தார். அவர் மனதில் இன்னமும் கேப்டன்தான் ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் வாங்கிய கைதட்டல் ஆப்பிளுக்கு என்றாகிவிடுமே!

"எறங்கிக் காட்டிடுங்க கேப்டன்" என்றார் கெஞ்சுகிற குரலில். "அவ வாய அடைச்ச மாதிரி இருக்கும். நூத்தியெம்பத்தொம்பது டாலர் குடுத்திருக்கேன். ஒரு எட்டு தள்ளி நிக்கக் கூடாதா?"

"எறங்குய்யா!" என்றது பின்வரிசை.

கேப்டன் கம்பளத்தை விட்டு இறங்கினார். ரோலி கார்டை வைத்தார்.

பச்சை இல்லை. சிவப்பும் இல்லை. ஆடுகூடக் கத்தவில்லை. பக்கத்துக் கூடத்தில் யாரோ உருட்டிய பந்து கட்டைகளைச் சாய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ரோலி கார்டைத் துடைத்து மறுபடி வைத்தார். எடுத்து, திருப்பி, இன்னொரு தடவை வைத்தார். பார்ப்பதற்குப் பாவமாக இருந்தது.

ஆர்டிஸ் கம்பளத்தின் மேல் ஏறி நின்றார். "யாராச்சும் எதையாச்சும் வைங்க."

முன்வரிசைப் பெண்மணி தன் தட்டில் மீனுக்குப் பிழிந்தது போக மிச்சமிருந்த எலுமிச்சைத் துண்டை வைத்தார்.

பச்சை. டிங்... டாங்.

எலுமிச்சைக்கு ஓய்வறை அனுமதி கிடைத்துவிட்டது. கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். தையல் மெஷின் மிதிகட்டை, இரண்டு. கோடு தைத்தவரிடமே வாங்கியிருப்பார் போலிருக்கிறது.

கேப்டன் சமையலறை வழியாகப் புறப்பட முயன்றார். மீன் தீர்ந்துபோய்ச் சும்மா நின்ற இரண்டு சமையல்காரர்கள் அவரை மறுபடி தரையிறக்கினார்கள். அவருடைய காசுப்பெட்டியைத் திறந்து, கவசம் வாங்கிய எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கும்போது நின்ற வரிசையைவிட இந்த வரிசை நேராக இருந்தது.

ரோலி வரிசையில் நிற்கவில்லை. மூலை மேஜையில் உட்கார்ந்து போனைத் திறந்தார்.

"எப்பப் போறோம்?" என்றார், தலையைத் தூக்காமல்.

"எந்தத் தேதியில சீட்டு இருக்கோ அப்ப."

"அடுத்த செவ்வாய்க்கெழம இருக்கு."

"போடு."

போட்டார். எண் குறைந்தது. பல் பிடுங்கிய அன்றுகூட அவர் முகம் அப்படிப் போகவில்லை. துணை டிக்கெட்டில் ஆர்டிஸின் பெயர் ஏறியது. ஆர்டிஸ் போனை வாங்கி, தன் பெயரை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மேவிஸிடம் பேசினார். "கண்ணாடியத் தொடச்சு வை. வரேன்."

பேசி முடித்து நிமிர்ந்தபோது எதிரில் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பெட்ரோல் பங்க் கேள்வி கேட்டவர்.

"ஏங்க, அந்த ஆப்பிள் எந்தக் கடையில வாங்குனீங்க?"

"எதுக்கு?"

"இல்ல... அதுக்குப் பச்ச எரிஞ்சுதே. அதான்."

அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் விலை என்ன என்றார்.

ஆர்டிஸ் போனை ரோலியிடம் நீட்டினார். "ஆப்பிளத் தின்னுங்க. ஸ்டிக்கரப் பிச்சுப் போட்டுட்டுத் தின்னுங்க" என்றார்.

துணை டிக்கெட்டுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ட்ரைகோஸ்ட்டின் இணையப் பக்கமும் திறந்தேதான் கிடந்தது, பெரிய எழுத்தில், இலவசமாக. அதைப் படிக்க இரண்டு கண் போதும். விளங்கிக்கொள்ள ஒரு மூளை போதும். யாரிடமும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பிறக்கும்போதே கழுத்துக்கு மேல் ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். தேய்த்தால் தேயாது, தைரியமாகத் தேய்க்கலாம்.