மச்சானைத் தேட வேண்டிய பற்றரி

என் மனைவியின் தம்பி ரவியைப் பனிக்குள் புதைத்தது நான்தான். அதைவிடப் பெரிய பிழை, அவன் உயிரோடு வெளியே வந்த பிறகு அவனிடம் பொய் சொன்னது. எழுபதைத் தாண்டிவிட்டேன், இனி மரியாதை குறைந்து என்ன ஆகப்போகிறது?

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஒரு நவம்பர் மாதம். நாங்கள் நோர்வேயில் குரோருட்டில் இருந்தோம், ரவி பக்கத்து ஊரான ஹவுகன்ஸ்டுவாவில். அவன் வேலையிடத்து நோர்வேக்காரரோடு மலைக்குப் போய்ப் பழகி, பனிச்சரிவுப் பயிற்சியும் எடுத்தவன். நான் ஊரில் பௌதிகம் படிப்பித்தவன். ஆகவே இனி எதையும் படிக்கத் தேவையில்லாதவன். ரொறன்ரோவில் இருக்கும் என் தமையனுக்கு, பனிமலையில் நிற்கும் படம் ஒன்று அனுப்ப வேண்டும் என்பதே என் மலையேற்றத்தின் ஒரே நோக்கம். (அவர் புதுக் காரில் சாய்ந்து நின்று படம் அனுப்பியிருந்தார். நான் என்ன செய்ய?)

அடிவாரத்தில் ரவி தன் நெஞ்சிலும் என் நெஞ்சிலும் பீப்பர் என்ற சமிக்ஞைக் கருவியைக் கட்டினான். ஒருவர் புதைந்தால் மற்றவர் தன் கருவியைத் தேடும் நிலைக்குத் திருப்பி, சத்தத்தைப் பின்பற்றிப் போய்த் தோண்ட வேண்டும். இரண்டும் வேலை செய்கின்றனவா என்று சோதித்துப் பார்த்த பிறகே நடக்கவிட்டான்.

"முழங்காலளவு பனிக்கு இவ்வளவு ஆரவாரமோ?" என்றேன்.

"முதல் பனிதான் கள்ளப் பனி, அத்தான். அடியிலை சீனி மாதிரிப் பொலபொலவெண்டு கிடக்கும். அதுக்கு மேலை காத்து அள்ளிக்கொண்டுவந்து பலகை மாதிரி அடுக்கிவிடும். ஆராவது மிதிக்குமட்டும்தான் அது நிக்கும்."

பௌதிக வாத்தியாராகப் புன்னகைத்தேன்.

பாதி வழியில் குளிரில் கமரா செத்தது. ரவி சரிவைப் பார்த்துக்கொண்டு முன்னே நிற்க, நான் ஒரு பாறைக்குப் பின்னால் போய், பீப்பரிலிருந்து இரண்டு பற்றரிகளைக் கழற்றிக் கமராவுக்குப் போட்டேன். என்ன அழகாகப் பொருந்தின!

அடுத்தது ஒரு குழிந்த சரிவு. ஒவ்வொருவராகத்தான் கடக்க வேண்டும் என்றான் ரவி. "நான் அந்தக் கல்லடிக்குப் போய்க் கை காட்டுமட்டும் அசையாதேங்கோ."

அவன் நடுவில் போகும்போது காட்சி நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் பின்னாலுள்ள மலையும் படத்தில் விழும். ஏறினேன். ஒரு படம் எடுத்தேன். காலடியில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். எனக்குக் கீழே பனி வெடித்து, ஒரு கூரை சரிவதுபோல் இறங்கியது. ரவி நின்ற இடத்தில் ரவி இல்லை.

பீப்பரைத் தேடும் நிலைக்குத் திருப்பினேன். ஊமை. கமராவைத் திறக்கக் கையுறையைக் கழற்றினேன். விரல் வழுக்கி ஒரு பற்றரி பனிக்குள் விழுந்து மறைந்தது. இப்போது மச்சானைத் தேடப் பற்றரி இல்லை. பற்றரியையே தேட வேண்டும். அந்த வேளையில் நான் படித்த பௌதிகத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

அவனைக் காட்டித்தந்தது அவன் அக்கா பின்னிக் கொடுத்த சிவப்புக் கையுறை. பனிக்கு மேல் இரண்டு விரல் தெரிந்தது. (தபால்பெட்டி நிறம் என்று காலையில் நக்கலடித்தவன் நான்.) அழுதுகொண்டே தோண்டினேன்.

வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான். "பீப்பராலை ஏன் தேடேல்லை, அத்தான்?"

"குளிருக்குப் பற்றரி செத்துப்போச்சு" என்றேன்.

அவன் அதை நம்பினான். பழைய பற்றரி போட்டுத் தந்தது தன் பிழை என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டான். வீட்டுக்கு வந்து, "அக்கா, அத்தானுக்கு ஏதும் நடந்திருந்தால் உன்ரை முகத்திலை முழிச்சிருக்கமாட்டன்" என்றான். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் மலைக்குப் போகவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோகத் தனக்குத் தகுதியில்லை என்று சொல்லித் திரிந்தான்.

வசந்தம் வந்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. ஒரு பெட்டி புதுப் பற்றரியோடு ஹவுகன்ஸ்டுவாவுக்குப் போய், அவன் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பெட்டியைத் திறந்து பற்றரிகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினான்.

"படம் வடிவா வந்ததோ?" என்று கடைசியில் கேட்டான்.

மங்கலாக வந்திருந்தது. அதையும் சொன்னேன்.

அடுத்த குளிர்காலத்தில், அவன் கேட்காமலே, அதே பனிச்சரிவுப் பயிற்சியில் போய்ச் சேர்ந்தேன். என் மாணவர்களின் வயதுக்காரர் நடுவே இரண்டு நாள் பனியைத் தோண்டினேன். பிறகு அவன் மறுபடியும் மலைக்குப் போனான், என்னையும் கூட்டிக்கொண்டு. இன்றும் எந்தப் பிறந்தநாள் வீட்டில் யார் கமராவை எடுத்தாலும், "அத்தானின்ரை பற்றரியோ?" என்று, கதை தெரிந்த எங்கள் ஆட்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

ஆனால் மலைக்குப் போகும்போது என் பீப்பருக்கு ரவிதான் பற்றரி போடுகிறான். போட்டு, மூடியின் மேல் ஒட்டுநாடாவால் இரண்டு சுற்றுச் சுற்றுகிறான். அப்போது அவன் சிரிப்பதில்லை.