புதன்கிழமை அறை காலியாக இருக்கக் கூடாது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். யோசித்துப் பார்த்தால் அத்தை மட்டும்தான் சுகம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவி, அதாவது என் மகள், வந்து என் மருந்து அலமாரியின் சாவியைப் பிடுங்கி அவள் அம்மாவிடம் கொடுக்கப் போகிறாளாம். தாங்கள்தான் பேசித் தடுக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் தொழிற்சாலை ஸ்டோர்ஸ் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடாமல் மேனேஜருக்குக்கூட ஒரு நட்டு கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கா இந்தக் கதி?

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், மகள் சொன்னால் காரம் கூடுதலாக இருக்கும். கிழமைக்கு ஓர் அறை என்று ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா அவள் வாங்கித் தந்ததுதான். புதன்கிழமை காலை சர்க்கரை மாத்திரையை விழுங்கினேன், புதன் அறை காலியானது, காலி அறையைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது, எடுத்த கையோடு நிரப்புவதுதான் ஸ்டோர்ஸ் பழக்கம், ஆகவே புது அட்டையைப் பிரித்து ஒன்றைப் போட்டு மூடினேன். துணி உலர்த்திவிட்டு வந்த உங்கள் அத்தை டப்பாவைத் திறந்து, "என்னங்க, இன்னும் மாத்திரை போடலையா?" என்றாள். பார்த்தால் அறை நிறைந்திருக்கிறது. ஞாபகத்தை நம்பாதே, கண்ணால் பார்க்கும் சரக்கை நம்பு என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். விழுங்கினேன். நிரப்பினேன். கொஞ்ச நேரத்தில் மகள் வீடியோவில் வந்து, "அப்பா, டப்பாவைக் காட்டுங்க. புதன் அப்படியே இருக்கே!" என்று கத்த, அவள் கண்ணெதிரே மூன்றாவதையும் விழுங்கிப் பாராட்டும் வாங்கிக்கொண்டு, அறையை மறுபடி நிரப்பினேன்.

பதினொரு மணிக்குக் கை நடுங்கியது, சட்டை தொப்பலாக நனைந்தது, அகோரப் பசி. உங்கள் அத்தையைப் பார்த்து, "சீட்டு எங்கேம்மா? சீட்டு இல்லாம உள்ளே வரக் கூடாது" என்றேனாம். எனக்கு நினைவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் ஓடி வந்தார். அவரும் சர்க்கரைக்காரர்தான். "இது சர்க்கரை இறங்குற நடுக்கம்மா, முழுங்க முடியும்போதே குடுங்க" என்று சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனார். பதினைந்து வருஷம் கழித்துக் குடித்த சர்க்கரைத் தண்ணீர் மாப்பிள்ளை, அதன் ருசி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எத்தனை போட்டீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, "ஒண்ணுதான்" என்று அடித்துச் சொன்னேன். உங்கள் அத்தை பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். "இன்னிக்குக் காலையில பிரிச்சது. மூணு குழி காலி" என்றாள். என் வாழ்க்கையில் என்னிடம் கணக்கெடுப்பு நடந்தது அன்றுதான். சர்க்கரை மறுபடி இறங்கக்கூடும் என்று மறுநாள் வரை படுக்க வைத்துவிட்டார்கள். "போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா இன்னொண்ணு போடாதீங்க, எங்களுக்குப் போன் பண்ணுங்க" என்றார் டாக்டர். உங்கள் அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து என் கையை விடவே இல்லை. நான் ரொம்பப் பயந்துபோனேன். இதை மகளிடம் சொல்ல வேண்டாம்.

இப்போது முழுத் தெளிவோடு இருக்கிறேன். ஆகவே சாவி என்னிடமே இருப்பதுதான் நியாயம். இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
சாவியுடன் இருக்கும் மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் டப்பாவைத் திறந்தேன். இன்று வெள்ளி. வெள்ளி அறை நிறைந்திருக்கிறது. போட்டேனா, போட்டுவிட்டு நிரப்பினேனா, சத்தியமாகத் தெரியவில்லை. விழுங்கவில்லை, போன் செய்தேன், இன்றைக்கு வேண்டாம் என்றார்கள். சாவியை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, "நாளைக்கு மாத்திரை வேணும்னா சீட்டு எழுதிக் கொண்டாங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். தேதி போடவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.