கவிஞர்களைக் கண்டுபிடிக்கிறவர்

சகாயம் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, செல்பேசியைச் சட்டைப் பையில் போட்டு, உடனே வெளியே எடுத்துப் பார்த்தார். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் ரயில் நடைமேடையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. பெங்களூர் வண்டி வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

இவர் கவிஞர்களைக் கண்டுபிடிக்கிற இனம். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். யாரும் கேள்விப்படாத பத்திரிகையில் யாரும் கேள்விப்படாத ஒருவர் எழுதிய ஆறு வரியை, 'இவரை நான்தான் முதலில் கவனித்தேன்' என்று தொடங்கும் பதினாறு வரி முன்னுரையோடு விடிவதற்குள் உங்களுக்கு அனுப்பி, பத்து மணிக்கு 'படித்தீர்களா' என்று விசாரித்து, மாலையில் 'அந்த மூன்றாவது வரி' என்று பெருமூச்சு விடுகிறவர். அந்தக் கவிஞரை நாலு பேர் படித்துவிட்டால், 'முன்பு நன்றாக எழுதினார்' என்பார். தலைப்பு வைத்தால் கவிதை செத்துவிடும் என்பது அவர் கொள்கை. அதற்கு முன் உயிர் இருந்ததா? அதைக் கேட்கக் கூடாது.

சகாயம் இதையெல்லாம் தினசரி ரயில் பயணிகளின் வாட்ஸ்அப் குழுவில் செய்துவந்தார். வண்டி எங்கே வருகிறது என்று சொல்வதற்காக ஏற்பட்ட குழு. அவர் முன்னாலேயே ஏறுகிறவர் என்பதால், அடுத்த நிலையங்களான ஊர்காம், கோரமண்டலில் ஏறுகிறவர்கள் அவர் தகவலைப் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். நீளமான முன்னுரை வந்தால் கவிதை என்று தெரிந்துகொண்டு கட்டைவிரல் காட்டுவார்கள். படிப்பதில்லை.

அன்று அனுப்பியது அவருடையது. போன வாரம் குழுவில் இருக்கும் நளினி, நீங்க எழுத மாட்டீங்களாண்ணா என்று கேட்டிருந்தாள். கவிதை அனுப்பிவந்த பதினொரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவள் ஒருத்தி நன்றாக இருக்கிறது என்றால் போதும். சொந்தக் கவிதைக்கு முன்னுரை எழுதக் கூச்சமாக இருந்தது. பெயரும் போடவில்லை.

இன்று வண்டி வராது
சாம்பியன் ரீப்ஸ் தண்டவாளத்தில்
ஓர் ஆடு படுத்திருக்கிறது
அதை எழுப்ப யாருமில்லை

வண்டி நேரத்துக்கு வந்தது. சகாயம் ஏறிக் கைக்குட்டை, பை, குடை வைத்து மூன்று இடம் பிடித்தார். ஊர்காமில் குழுவினர் யாரும் ஏறவில்லை. கோரமண்டலிலும் இல்லை. எல்லோரும் படித்துவிட்டதற்கான நீலக்குறி விழுந்திருந்தது. ஒரு கட்டைவிரல்கூட இல்லை. அவருக்குக் கண் கலங்கியது. நல்ல கவிதை மனிதர்களை வாயடைக்கச் செய்யும் என்று அவரே பல முன்னுரைகளில் எழுதியிருக்கிறார்.

பங்காருபேட்டையில் பத்தொன்பது பேர் வியர்வையோடு ஏறினார்கள். வேறு வண்டியாவது பிடிக்கலாம் என்று பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் தொற்றிக்கொண்டு வந்தவர்கள். சமகாலக் கவிதை ஒன்று ஒரே காலையில் இத்தனை பேரை அசைத்ததாக வேறு தகவல் இல்லை.

பார்வதம்மா மூச்சு வாங்கியபடி கேட்டார். "அந்த ஆடு இன்னாச்சுப்பா?"

"ஆடு இல்லீங்க. அது கவிதை."

"கவிதைன்னு மேல ஒரு வார்த்தை போட்டா இன்னா?" என்றார் குழுவை நடத்தும் லாய்ட்.

"யாருதுண்ணா?" என்றாள் நளினி.

புதுசா ஒருத்தர் என்று சொல்லியிருக்கலாம். வாய் அதற்குத்தான் பழகியிருந்தது.

"என்னுது."

நளினி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "நம்பிட்டேண்ணா. பாவம், யாராச்சும் எழுப்புனாங்களோ இல்லியோன்னு ஆட்டோவுல அதே நெனப்பு."

இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே படித்தவர்களில், எந்தப் பத்தியை வெட்டி யாருக்கு அனுப்பலாம் என்று இதற்குள் முடிவு செய்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னுரையையாவது சுருக்கலாம்.

மறுநாளும் வண்டி நேரத்துக்கு வந்தது. வண்டித் தகவல் சொல்லும் பொறுப்பு குழுவில் இன்னொருவரான டென்னிஸுக்குப் போயிருந்தது. கோரமண்டலில் ஏறிய நளினி, ஆட்டுக் கவிதையை ஆபீஸில் முப்பது பேருக்கு அனுப்பியதாகச் சொன்னாள். பெயர் போட்டாளா என்று சகாயம் கேட்டார். மறந்துவிட்டதாம். ரயிலில் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று மட்டும் முன்னால் பத்து வரி எழுதினாளாம். சகாயம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.