எழுபத்தொன்பது புள்ளிகள்

நீதி குழப்பமின்றி நடைபெற வேண்டும் என்னும் உயரிய நோக்கத்துடன், செராஸில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் சாட்சியர் நம்பகப் பிரிவு திறந்துவைக்கப்பட்டது. யார் சொல்வது உண்மை என்று நீதிபதிகள் இனி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால், அதிகப் புள்ளி பெற்றவர் சொன்னதே நடந்ததாகக் கொள்ளப்படும்.

அப்பிரிவின் மூன்றாம் கவுண்டருக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, கெர்ட்ரூட் அம்மையார் அமர்ந்திருந்தார். பிரிக்பீல்ட்ஸ்காரர். எந்த ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று முப்பத்து மூன்று ஆண்டுகள் எழுதிவைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை மகன் கெல்வின் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடத்தல் சிகரெட் ஏற்றினான் என்று அவனைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை விசாரணை. அவனுக்கு எதிரான ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: போலீசுக்குத் துப்புக் கொடுத்துப் பிழைக்கும் தம்புசாமி என்னும் பழைய குற்றவாளியின் வாக்குமூலம்.

"அந்த ஞாயித்துக்கெழம கெல்வின் எங்க சர்ச் உணவுச் சந்தையில எனக்கு எதிர நின்னு உருளக்கெழங்கு வச்ச கறிபாப் பொரிச்சான், தம்பி. இருநூத்துப் பன்னெண்டு. பதினேழு கருகிப்போச்சு. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

கவுண்டர் அதிகாரி ராதாகிருஷ்ணன் பணிவானவர். கழுத்தில் அடையாள அட்டை. அதன் நாடாவில் 'நேர்மையே நம் மூச்சு'.

"ரொம்ப நல்லது ஆன்டி. எத்தன தடவ உள்ள போயிருக்கீங்க?"

"எங்க உள்ள?"

"ஜெயில்ல."

"ஐயோ! ஒரு தடவகூட இல்ல."

"ட்ராஃபிக் சம்மன்?"

"ஓட்டுறதுக்கு எனக்குக் காடியே இல்ல, தம்பி."

ராதாகிருஷ்ணன் வருத்தத்துடன் தட்டச்சு செய்தார். "பூஜ்யம். உறவுக்காரங்கன்னு ஒண்ணு கழிக்கணும். மைனஸ் ஒண்ணு."

"அந்தத் தம்புசாமிக்கு?"

"எழுபது. ரெண்டு தடவ ஜெயில், இருபது. குத்தத்தப் பத்தி அனுபவம் இருக்குல்ல? கோர்ட்ல பொய் சொன்னது ரெண்டு தடவ நிரூபணம் ஆயிருக்கு, பத்து."

"பொய்க்குப் புள்ளியா?"

"அவர் எப்ப பொய் சொன்னாருன்னு எங்ககிட்ட ரெக்கார்ட் இருக்கு. நீங்க எப்ப சொன்னீங்கன்னு ஒண்ணுமே இல்லையே, ஆன்டி! நாங்க எத வச்சு நம்புறது?"

"மிச்சம் நாப்பது?"

"அவர் துப்பால ஒருத்தர் கைதானா நாப்பது. கெல்வின் கைதாயிட்டாருல்ல?"

ரயிலே வராத நாளில் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது என்று எழுதச் சொன்ன மேலதிகாரிகளையும் அம்மையார் பார்த்திருக்கிறார். இவர் அவர்களையெல்லாம் தாண்டியவராக இருந்தார்.

"நாளைக்குள்ள எழுபதத் தாண்ட வழி இருக்கா, தம்பி?"

"இருக்கே! நீங்களும் யாரையாவது காட்டிக்கொடுக்கலாம். சாதாரண ஆளுன்னா நாப்பது. அரசாங்க அதிகாரின்னா டபுள், எம்பது. ஒண்ணு கழிச்சா எழுபத்தொன்பது. இந்தாங்க ஃபாரம்."

அம்மையார் படிவத்தை வாங்கினார். அவருக்குத் தெரிந்த அரசாங்க அதிகாரி ஒருவர்தான். அவருடைய முழுப்பெயர் எதிரே அட்டையில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. பேனா ஒருமுறை நின்றது, வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது, மீண்டும் ஓடியது. சென்ற புதன்கிழமை காலை பத்து மணிக்கு இவரைக் கடத்தல் சிகரெட் கிடங்கில் கண்டதாக, எழுத்துப் பிழை ஒன்றுமின்றி எழுதிக் கொடுத்தார். ராதாகிருஷ்ணன் படிக்காமலேயே முத்திரை குத்தினார். படிப்பது வேறு பிரிவின் பொறுப்பு.

மறுநாள் காலை ராதாகிருஷ்ணன் கைதானார். படிவத்தில் எழுதிய அந்தப் புதன்கிழமை அவர் அலுவலகத்தில் இருந்ததற்குச் சக ஊழியர் அறுபது பேரும், கைரேகை வருகைப் பதிவு இயந்திரமும் சாட்சி. அறுபது பேருக்கும் பூஜ்யம். இயந்திரத்துக்கும் முற்குற்றம் எதுவும் இல்லை.

வியாழக்கிழமை எழுபத்தொன்பது எழுபதை வென்றது. கெல்வின் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். அம்மையாருக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை கவுண்டர் திறந்ததும் போய் உட்கார்ந்தார். ராதாகிருஷ்ணனின் நாற்காலியில் மலர்விழி என்னும் புதிய அதிகாரி இருந்தார்.

"அந்த மனுஷன் மேல நான் சொன்னது பொய்யிம்மா. அத ரத்து செய்யணும்."

"நீங்களே ஒத்துக்கிறீங்களா? ரொம்ப நன்றி ஆன்டி." விரல்கள் ஓடின. "பொய்க்கு அஞ்சு. இப்ப உங்களுக்கு எம்பத்து நாலு. ராதாகிருஷ்ணன் கேஸ் இன்னும் ஸ்ட்ராங் ஆயிடுச்சு."

"பொய்யின்னு சொல்றேன்லம்மா!"

"திரும்பச் சொல்லாதீங்க ஆன்டி. எம்பத்தொன்பது ஆயிடும், அவருக்குத்தான் கஷ்டம்."

"அப்ப அவர யாருதான் காப்பாத்துறது?"

"எம்பத்து நாலுக்கு மேல உள்ள சாட்சி யாராவது வந்தா சரி."

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "அக்கா, நான்தான் தம்புசாமி. உங்க புண்ணியத்துல கெல்வின் கேஸ் பொய்யின்னு ஆச்சு, எனக்கு அஞ்சு கூடிருச்சு. எழுபத்தஞ்சு."

"ஏன்யா, எங்க பிள்ளைய எதுக்குய்யா மாட்டிவிட்ட?"

"அன்னைக்கு ஒரு லோரி நம்பர் கேட்டாங்க. அவன் நம்பர்தான் ஞாபகம் வந்துச்சு லா. மனசுல வச்சுக்காதீங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ராதா சார் நல்ல மனுஷன்க்கா, வந்தா கோப்பி வாங்கிக் குடுப்பாரு. அவருக்கு நான் சாட்சி சொல்றேன். ஆனா பத்துப் புள்ளி பத்தல. ஒருத்தர் கைதானாப் போதும். உங்க சர்ச்சுல யாராச்சும் இருந்தா ஒரு பேரு சொல்லுங்க."

"சீ! அங்க எல்லாரும் நல்லவங்க."

"நல்லவங்கதான்க்கா வேணும். அவங்களுக்குத்தான் பூஜ்யம்."

ஒரு நிரபராதியைச் சிறையிலேயே விட்டுவைக்கும் அளவுக்குக் கல்நெஞ்சு படைத்தவரல்லர் கெர்ட்ரூட் அம்மையார். கைப்பையைத் திறந்து, உணவுச் சந்தைத் தொண்டர்களின் பட்டியலை எடுத்தார். நாற்பத்தாறு பெயர்கள், அகரவரிசையில். விரல் மெல்ல இறங்கி, 'லியனார்ட்' என்ற இடத்தில் நின்றது. அந்த மனிதர் தேங்காய்ச் சட்னியில் தண்ணீர் கலந்தது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது.

"கொஞ்சம் சந்தேகப்படும்படியான ஆளுதான்" என்றார்.

போகும்போது, வழக்கப்படி சேவையை மதிப்பிடச் சொன்னார்கள். சிரிக்கும் முகம், சுளிக்கும் முகம் என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. அம்மையார் சிரிக்கும் முகத்தை அழுத்தினார்.