களையெடுப்புப் பரீட்சை

களையெடுக்கும் எந்திரம் கோரைக் களையை விட்டுவிட்டு, இன்னொரு கத்தரிச்செடியை வேரோடு பிடுங்கி எறிந்தது.

“எய்யா, அது செடிய்யா!” என்று வரப்பில் நின்று கத்தினாள் தங்கத்தாய். சோதனைக்காக வாடகைக்கு எடுத்த அச்சன்புதூர் வயல் அவளுடையது.

“சரி பண்ணிருதேன்க்கா” என்றான் வல்லிநாயகம். விவசாய ரோபோக்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் தென்காசிக் கம்பெனியில் அவனுக்கு வேலை. இதுவரை ஒரு பொய்ச் சான்றும் கொடுத்ததில்லை. பெருமைப்பட்டுக்கொள்ள அவனிடம் வேறெதுவும் இல்லை.

குற்றாலச் சாரல் கேமராவை மறைக்கிறதோ என்று சட்டை முனையால் துடைத்தான். பார்வை தெளிந்த எந்திரம் இன்னும் வேகமாகக் கத்தரியைப் பிடுங்கியது.

பயிரையும் களையையும் டேப்லெட்டில் இடம் மாற்றினான். இப்போது அது இரண்டையும் விட்டுவிட்டுச் சொட்டுநீர்க் குழாயைப் பிய்த்தது. பச்சையாக இருப்பதை மட்டும் பார்க்கச் சொன்னான். நேரே வரப்பேறித் தங்கத்தாயின் பச்சைச் சேலையைப் பிடித்தது.

“என் சேலையும் களையாய்யா?” முந்தானையை மீட்டுக்கொண்டு அவள் ஓடினாள்.

எந்திரத்தைச் செய்த கம்பெனியிலிருந்து அதைக் கொண்டுவந்த வேன் டிரைவர் வீரபாகுவிடம் வல்லிநாயகம் கெஞ்சினான். “இது எப்பவும் இப்படித்தானா?”

“நான் வண்டி ஓட்டுதவன் சார். எனக்கென்ன தெரியும்?”

முதலாளி ஹபீபுல்லா போனில் வந்தார். “என்னவே, முடிஞ்சுதா?”

“இது தேறாது அண்ணாச்சி. பெயில் போட்டிருதேன்.”

“வாயை மூடும்வே! பாஸ் போட்டா மெசின் கம்பெனிக்காரங்க வருசம் பூரா மெசின் அனுப்புவாங்க. இந்த வேலை கிடைக்கலன்னா கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான். அப்புறம் நானும் நீரும் புரோட்டாக் கடையில எச்சி இலை எடுக்கணும்.”

வல்லிநாயகம் போனைச் சட்டைப்பையில் போட்டான். சேற்றில் மண்டிபோட்டு, ஒரு பாத்திக் கோரை முழுவதையும் கையாலேயே பிடுங்கினான். செத்துக் கிடந்த கத்தரிச்செடிகளை நிமிர்த்தி நட்டான். எந்திரத்தை நடுவில் நிறுத்திக் கல்யாண மாப்பிள்ளை மாதிரிப் படமெடுத்தான்.

“நீயே நல்லா எடுக்கியேய்யா, இது எதுக்கு?” என்றாள் தூரத்தில் நின்ற தங்கத்தாய்.

அவன் படத்தை டேப்லெட்டில் ஏற்றினான். ‘பாஸ்’ என்பதை அழுத்தினான். இத்தனை வருச நேர்மை அந்தச் சேற்றிலேயே புதைந்துபோனது போலிருந்தது. போகட்டும், சோறாவது மிஞ்சும்.

எந்திரத்தை ஏற்ற வந்த வீரபாகு டேப்லெட்டை எட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது. போனில் தன் முதலாளியைக் கூப்பிட்டான்.

“சார், தென்காசிக்காரங்களும் நமக்கு வேண்டாம். நாம வேணும்னே கெடுத்துக் கொண்டுவந்த மெசினுக்கு இவங்களும் பாஸ் போட்டுட்டாங்க.”